பாயான் லெப்பாஸ், இரவு ஷிப்ட்

மூன்றேகாலுக்கு லைன் நின்றது.
இருநூற்றுப் பன்னிரண்டு போர்டுகள், ஒரே பிழை.

'யார்?'
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
போன மாதம் கேட்டேன்தான்:
பதினாறு தலைகள் குனிந்தன,
ஹஸ்லிண்டா கழிவறையில் அழுதாள்,
பிழை மட்டும்
மறுநாளும் நிமிர்ந்தே நின்றது.

எச்சிலோடு விழுங்கிவிட்டு
'எங்கே?' என்றேன்.

கொஞ்ச நேரம் இயந்திரங்களின் மூச்சு.
பிறகு ரஃபிக்குலின் கையுறை விரல்
மெல்ல நீண்டது:
நான்காவது ஸ்டேஷன்.
மாலையில் நானே திருகிவைத்த சூடு.

முகக்கவசத்துக்குள் முகம் எரிந்தது.
திருகைத் திருப்பினேன்.
எல்லாரும் பார்க்கத்தான்.

ஏழு மணிக்கு மேனேஜர்,
கோப்பி ஓ பை விரலில் ஆட.
'யார், புனிதா?'

'நான்தான் சார்.
எங்கேன்னும் கேளுங்க.'

கேட்கவில்லை.
கோப்பியை மட்டும் உறிஞ்சினார்.
கதவருகே, ஷிப்ட் முடிந்தும்,
ரஃபிக்குல் நின்றுகொண்டிருந்தான்.