மண்டைக் கொழுப்பு

"மண்டை நெறயக் கொழுப்புடி உனக்கு"
என்றார் பிலோமினா மிஸ்,
ஒன்பதாம் வகுப்பில், கையில் டஸ்டரோடு.
கணக்கில் தடுமாறுவார், இதில் தவறவில்லை.
ஈரத்தை உலர்த்திவிட்டு நிறுத்தால்
மூளையில் பாதிக்குமேல் கொழுப்புதான்.
இது எனக்குத் தெரியவர
பதினொரு வருஷமும் ஒரு தபால்வழிப் படிப்பும் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை, ஆறேகால் வண்டி.
ஐந்து ரோட்டு லேபில் ராத்திரி முழுக்க
ஊரார் ரத்தத்துக் கொழுப்பை அளந்துவிட்டு
மலைக்கு ஏறுகிறேன்.
நாளைக்குப் பரீட்சை. மடியில் நோட்டு.
காலடியில் மாதம்மாவின் மத்திக் கூடை,
எஸ்டேட் லைன்களில் விற்க.
ஐஸ் உருகி என் செருப்பு வரை வந்துவிட்டது.

பதினோராம் வளைவில் வண்டி நின்றது.
முன்னால் கம்பி லாரி.
யாரோ மேலே கட்டும் விடுதிக்கு,
வால் நுனியில் சிவப்புத் துணி கட்டிய
நெட்டைக் கம்பிகள்.
முகம் திரும்பினால் முதுகு வரவில்லை.
இறங்கிப் போன டிரைவர்
கம்பியையே திட்டுகிறார்.
அது என்ன செய்யும்,
நேராக இருப்பதைத் தவிர?

நோட்டிலும் அதே லாரிதான்.
நிறைவுற்ற கொழுப்பமிலம்
ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக் கட்டாகிவிடும்,
மார்கழியில் எங்கள் வீட்டு ஜன்னலோரம்
தேங்காயெண்ணெய் பாட்டிலில் வெள்ளையாய் உறைந்து
ஈர்க்குச்சி கேட்பது போல.
மத்தியின் எண்ணெய்க்கு
ஐஸுக்குள்ளும் உறையத் தெரியாது.
இருபத்திரண்டு கரி, ஆறு இரட்டைப் பிணைப்பு,
ஒவ்வொன்றும் ஒரு கொண்டை ஊசி.
ஒரே பாயில் படுக்கவைத்த பிள்ளைகள் மாதிரி
முட்டியும் முழங்கையுமாய்
நெருங்கவிடாமல் நெளிந்துகொண்டே இருக்கும்.
அந்தச் சந்தில்தான்
நரம்புச் செல்லின் தோல் தளதளக்கிறது,
புரதங்கள் புரண்டு படுக்கின்றன,
ஒன்று மூட்டை அவிழ்த்துக் கொட்டியதை
அடுத்தது மடியில் வாங்கிக்கொள்கிறது.
பிலோமினா என்ற பெயர்
இந்த நிமிஷம் எனக்கு வந்ததென்றால்
உள்ளே எங்கோ ஒரு வால்
வளைந்து வழி விட்டிருக்கிறது.

"என்னா கண்ணு, தனியா முணுமுணுக்கற?"
பாதி சொன்னேன்.
"அப்ப மத்தி தின்னா எம்பையன் பாஸாயிருவானா?"
ஒரு ஆய்வு ஆமாம் என்கிறது.
அடுத்த ஆய்வு உதட்டைப் பிதுக்குகிறது.
வயிற்றில் இருந்த காலத்தில் நல்லது என்பார்கள்,
அதை இப்போது சொல்லி என்ன.
"தெரியலைக்கா" என்றேன்.
"வித்தது போக எங்களுக்குத் தலதான் மிச்சம்.
தலையாத் தின்னு தின்னே
பத்துல ரெண்டு தடவ உக்காந்துட்டான்."
சொல்லிவிட்டு அவளே பெரிதாய்ச் சிரித்தாள்.
பின்சீட்டில் ஒருவர் மூக்கைப் பொத்தினார்,
மீனுக்கா சிரிப்புக்கா தெரியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் பலகை:
வளைவில் கவனம்.
அதுவும் பாடத்தில் உண்டு.
இரண்டு வளைவுக்கு நடுவில் அகப்பட்ட கரியில்தான்
ஆக்சிஜன் முதலில் வாய் வைக்கும்.
ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் இழுக்கும்,
எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது அப்படித்தான்.
வழி விடுகிற இடமே விபத்துக்கும் இடம்.
கம்பிக்கு அந்தப் பயம் இல்லை,
அது இன்னும் பதினோராம் வளைவில்தான் நிற்கிறது.

நாலு தடவை பின்னால் எடுத்து
தடுப்புச் சுவரைக் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு
லாரி ஒருவழியாய்த் திரும்பிற்று.
எங்கள் வண்டியும் துள்ளிக் கிளம்ப,
நிறுத்தி எடுத்த கையோடு மாதம்மா என் மடியைப் பிடித்தாள்.
அய்யோ, என்று முந்தானையால் துடைத்தாள்.
துடைக்கத் துடைக்கப் பரவிற்று.

நீர் காய்ந்துவிட்டது.
எண்ணெய் நின்ற இடத்தில் மட்டும்
தாள் கண்ணாடியாகி
பின்பக்கத்து எழுத்து
இடம் வலம் மாறி
முன்பக்கத்து வரியின் நடுவில் வந்து உட்கார்ந்தது.
பதினேழாம் வளைவு வரை
அதையும் சேர்த்தே படித்துக்கொண்டு போனேன்.