நுரை எழும் இடம்

கொரடாச்சேரி தாண்டினதிலிருந்து வாடை என்கிறார் சட்டநாதன்.
முந்நூற்றைம்பது மூட்டை நெல்.
மேற்கே கறுத்துக்கொண்டிருக்கிறது.
"ஒரு முறுக்கு முறுக்கி விடும்மா,
நீடாமங்கலத்துல வேகன் நிக்குது."

அழுத்தம் இருக்கையில் நட்டைத் தொடக்கூடாது.
சொல்லிவிட்டு
பெயின்ட் பிரஷ்ஷை சோப்புத் தண்ணீரில் முக்குகிறேன்.

கேபினுக்குப் பின்னால் ஆறு உருளைகள்.
சோதனைத் தேதி தை வரை இருக்கிறது.
ஒரு பட்டைக்கு அடியில் ரப்பர் தேய்ந்து
இரும்பை இரும்பு உரசிய வெள்ளைக் கோடு.
நகம் சிக்கவில்லை.
எழுதிக்கொண்டேன்.

முதல் வால்வில் ஒன்றுமில்லை.
இரண்டிலும், மூன்றிலும்.
நான்காவதில், குழாய் சேரும் நட்டில்
நெல்மணி அளவு நுரை ஒன்று
எழுந்து, உடைந்து,
திரும்ப எழுந்தது
வரப்பு நண்டு வளைக்குள் மூச்சு விடுவதுபோல.

சட்டநாதனும் குனிந்து பார்த்தார்.
"எங்க நாத்தங்கால்லயும் ஒருநா இப்படித்தான்,
தண்ணிக்குள்ள புளுக் புளுக்குன்னு.
குழாய் எந்தப் பக்கம் போவுதுன்னு
அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."
பிறகு வேகனைப் பற்றி அவர் பேசவில்லை.

பேட்டரி வயரைக் கழற்றினேன்.
ஆறு வால்வையும் மூடி
குழாயில் மிச்சமிருந்ததை வெளியே விட்டேன்.
நூற்றெண்பதிலிருந்த முள்
பூஜ்யத்துக்கு வந்து ஒருமுறை துடித்தது.
உள்ளே பித்தளை வளையம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.
புதிதைப் போட்டு
ஒரே ஒரு வால்வைத் திறந்து
பிரஷ்ஷை மறுபடி எடுத்தபோது
தூறல்.

சோப்பு பட்ட இடமெல்லாம் நுரை.
எது மழை, எது கசிவு?
வால்வைத் திரும்ப மூடிவிட்டு
ஆளுக்கொரு பக்கம்
தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம்.