எந்தச் சனிக்கிழமை

பாடகர் குழுவில் எனக்குப் பெரிய குரல் இல்லை.
ஆல்ட்டோ வரிசையின் ஓரத்தில் நின்று
பாதி நேரம் வாயசைப்பேன்.
அதனால்தானோ என்னவோ, கணக்கையும் பேருந்தையும்
என் தலையில் கட்டினார்கள்.
புள்ளியியல் படிக்கிறவள், எண்கள் தப்பாது
என்றாள் ஹெலெரி.

தப்பின.

தார்த்துவிலிருந்து ஹாப்சாலு போக, மே பதினாறு.
திரும்பி வர, மே இருபத்து மூன்று.
இரண்டும் சனிக்கிழமை.
திரையில் விரல் ஒரு கட்டம் கீழே வழுக்கியிருக்கிறது,
அவ்வளவுதான்.

கோட்டை இடிபாட்டில் கச்சேரி முடிந்து
முப்பத்தெட்டுப் பேர்
கோடு போட்ட கம்பளிப் பாவாடையும் மேல்கோட்டுமாய்
பழைய ரயில் நிலைய வாசலில் நின்றோம்.
ரயில் வருவதை நிறுத்திப் பல வருடம் ஆன நிலையம்.
இரவு பத்துக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சம்;
முகத்தை ஒளித்துக்கொள்ள இருட்டுகூட இல்லை.
வண்டிக்காரரை அழைத்தேன்.
"நான் சவ்னா குளியலில் இருக்கிறேன்.
உங்களுக்கு அடுத்த சனிக்கிழமை அல்லவா?"

யாரும் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.
எங்கள் ஊர்க்காரர்கள் திட்ட மாட்டார்கள்;
தோளைக் குறுக்கிக் கடலைப் பார்ப்பார்கள்.
கெர்த்து மட்டும் தன் கடைசிக் கம்பு ரொட்டியை
ஏழாகப் பிய்த்தாள்.
ஏழாவது எனக்கு.

இருபது வயதுவரை நான்
யாரிடமும் எதையும் கேட்டதில்லை.
கடையில் உப்பு எங்கே என்று கேட்கக் கூசி
உப்பில்லாமல் வீடு திரும்பியவள்.
இதில் எனக்கு மட்டும் பங்கில்லை:
பேருந்து நிறுத்தத்தில் நாங்கள் விட்டு நிற்கும் இடைவெளியில்
இன்னொரு பேருந்தை நிறுத்தலாம்.

அன்றிரவு தட்டினேன்.
முதல் கதவில் "மன்னிக்கவும்" என்பதோடு நாக்கு நின்றது.
"பரவாயில்லை" என்று அவர் சாத்திக்கொண்டார்.
இரண்டாவதில் நாய்.
மூன்றாவதில் எல்லாவற்றையும் சொன்னேன்,
திரை, கட்டம், விரல்.
கேட்டவருக்குக் கொட்டாவி வந்தது.
பிறகு பெட்ரோல் பங்க்கில் ஒரு பையனிடம் விசாரித்து
பள்ளிக் காவலாளியின் வீட்டுக்குப் போனேன்.
"முப்பத்தெட்டுப் பேர். தவறு என்னுடையது. தரை போதும்."
இவ்வளவுதான் சொன்னேன்.
அவர் செருப்பைத் தேடினார்.

உடற்பயிற்சிக் கூடத்தின் ரப்பர் விரிப்புகளில்
யார் யாருடைய வியர்வையோ.
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே
கண் மூடாமல் படுத்திருந்தேன்.
கட்டைக் குரல் பாடகர்கள்
சுருதி பிசகாமல் குறட்டை விட்டார்கள்.

திங்கட்கிழமை நிகழ்தகவுத் தேர்வு.
மூன்றாம் கேள்வி: பெட்டிக்குள் ஒன்பது சாவி,
எடுத்த சாவி கதவைத் திறக்க வாய்ப்பு எவ்வளவு?
எத்தனை சாவி பொருந்தும் என்று போடவேயில்லை.
கை தூக்கினேன்.
என் கையை நானே அண்ணாந்து பார்த்தேன்.
பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
"அச்சுப்பிழை" என்றார்.
அறை முழுக்கப் பேனாக்கள் திருத்திக்கொண்டன.
எனக்கு அந்தத் தாளில் சி தான் கிடைத்தது.

குழுக் கூட்டத்துக்கு
ராஜினாமாவை எழுதி எடுத்துப் போனேன்.
ஓட்டுக்கு விட்டார்கள்.
நான் தொடரலாம் என்று இருபத்தொரு பேர்.
கூடாது என்று ஒன்பது பேர்.
மீதி ஏழு பேர் ஜன்னலைப் பார்த்தார்கள்.
ஒன்பதில் ஒரு கை கெர்த்துவுடையது.
படியிறங்கும்போது ஏன் என்று கேட்டேன்
(இப்போதெல்லாம் கேட்டுவிடுகிறேன்).
"தப்பு தப்புதானே" என்றாள்.
ரொட்டியையும் இதையும்
ஒரே பையில் வைத்துக்கொள்ளக் கற்றேன்,
எந்தப் பாடத்திலும் வராத கணக்கு.

மூன்று வருடமாய் அதே பொறுப்பு.
வண்டிக்கு அழைத்தால் மறுமுனையில் அதே ஆள்,
வணக்கம்கூட இல்லாமல்:
"எந்தச் சனிக்கிழமை?"

தேதி சொல்கிறேன். மாதம் சொல்கிறேன்.
வருடமும்.
அவர் சிரித்து முடிக்கும்வரை
போனை வைக்காமல் இருக்கிறேன்.