தூணில் எழுதிய எண்கள்

எங்கள் டிவிஷனில் சிக்னல் பிடிப்பது ஓரிடத்தில்தான்,
செம்பனை லோரிகளை எடைபோடும் மேடை.
லாபிஸ் சாலையைப் பார்த்து நின்றால்
இரண்டு கோடு வரும்.
அங்கிருந்துதான்
பல்கலைக்கழக ஆலோசகரிடம் பேசுகிறேன்.

நல்ல குரல் அவருக்கு.
மலாயில், அவசரமில்லாமல் கேட்கிறார்:
கடந்த இரண்டு வாரத்தில்
தூங்காத இரவுகள் எத்தனை?
பூஜ்யம் என்றால் இல்லை,
மூன்று என்றால் ஏறக்குறைய தினமும்.

எனக்குத் தெரிந்த எண்கள் வேறு.
ஆற்றுப் பாலத்துத் தூணில்
சிவப்பு வெள்ளையில் எழுதியவை.
மூன்று என்றால் மாடுகளை அவிழ்த்துவிட வேண்டும்.
நான்கு என்றால்
ரைஸ் குக்கர், பிறப்புப் பத்திரம், அம்மாவின் இன்சுலின்
அலமாரி உச்சிக்குப் போக வேண்டும்.
ஐந்துக்கு மேல் யாரும் வாசித்ததில்லை.
அந்த இரவு
தூணே இல்லை.

அது நடந்து பதினான்கு மாதம்.
போன செமஸ்டரில் மூன்று பாடம் போயிற்று,
அதில் ஒன்று நீரியல்.
சிரிக்கலாம், நானும் சிரித்தேன்.
தேர்வு மண்டபத் தகரத்தில் மழை விழுந்ததும்
விடைத்தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
நாற்காலி மேல் ஏறிவிட்டேன்.
காப்பியடித்ததாக எழுதிக்கொண்டார்கள்.
நனையாமல் காப்பாற்றினேன் என்பதை
எந்தப் பாரத்தில் நிரப்புவது?

விடுதியில் என் அறை மூன்றாம் மாடி.
ஆனாலும் காலணியைக் கட்டிலில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.
ஹஃபிஸ் ஒரு வாரம் கேலி செய்தான்.
பிறகொரு மழையிரவில், ஒன்றும் கேட்காமல்,
தன் காலணியையும் கொண்டுவந்து
என்னுடையதன் பக்கத்தில் வைத்தான்.

"ஹலோ, லைனில் இருக்கிறீர்களா?"
இருக்கிறேன்.
பின்னால் லோரி ஹாரன் அடிக்கிறது,
மேடையை விட்டு இறங்கினால் அவர் போய்விடுவார்.
இரண்டு, என்றேன்.
தூணில் இரண்டு என்றால்
இங்கே யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

உதிரிப்பழச் சாக்கோடு அம்மா வந்து நின்றாள்.
"யாருடா போன்ல?"
"யூனிவர்சிட்டி. தூக்கம் வருதானு கேக்குறாங்க."

சாக்கை இறக்கினாள்.
கையுறையைக் கழற்றி, உதறி,
மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அடுத்த தடவ பேசுறப்ப
எனக்கு எத்தன நம்பர்னு
கேட்டு வையி."