மீண்டும் வைக்கவும்

பாளையங்கோட்டையில் அன்று
நூற்றைந்து கிலோ
முழங்காலைத் தாண்டி வந்துவிட்டது.
இடுப்பு சரி என்றது, தொடையும் சரி என்றது.
வலதுகை மோதிரவிரல் மட்டும்
யாரையும் கேட்காமல் திறந்துகொண்டது.
அதன் பின்னால் சுண்டுவிரல்.
அதன் பின்னால் எல்லாம்.

விழுந்த அதிர்ச்சியில்
நடுவர் மேசைத் தண்ணீர் பாட்டில் உருண்டோடியது.
'முதுகு பிடிச்சிட்டாம்மா?' என்று ஓடி வந்தார்கள்.
முதுகு பிடிக்கவில்லை.
பிடிக்க வேண்டியதுதான் பிடிக்கவில்லை.

முக்கூடல் வரும்வரை பஸ்ஸில்
செய்யதலி பாத்திமா பேசவில்லை.
இறங்கும்போது சொன்னாள்:
'ஒங் காலு லாரி.
கையி, சைக்கிள் பிரேக்கு.'

அதிலிருந்து உரக்கடை மாடியில்
எல்லோரும் போன பிறகு
குறுக்குக் கம்பியில் ஈரத்துண்டைப் போட்டு
அதன் இரு முனையில் தொங்குகிறேன்.
பதினெட்டு எண்ணும்போது
விரலுக்குள் எறும்பு ஊறும்.
இருபத்தாறில் அது கட்டெறும்பு.
முப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பத்துக் கிலோ தட்டு இரண்டைச் சேர்த்து
வழுக்கும் பக்கம் வெளியே இருக்க
விரல்நுனியால் கிள்ளித் தூக்கி நிற்பேன்.
அது தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும்
கீழே யூரியா மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல்:
'மேல என்னத்தல போடுதாவ?'

வீட்டில் அரிசி வாளி.
மணிக்கட்டு வரை கையைப் புதைத்து
உள்ளேயே விரித்து, மூடி, விரித்து.
மூடுவதைவிட விரிப்பதுதான் கடினம்.
'ஏட்டி, சோத்தரிசிக்குள்ள என்னத்தட்டி தேடுத?'
கேட்கிற அம்மாவின் மடியில் பீடித்தட்டு.
கண் என்மேல் இருக்க
விரல்கள் தம்பாட்டுக்கு
இலை, தூள், சுருட்டு, நூல்.

ஒருநாள் நானும் சுருட்டிப் பார்த்தேன்.
ஏழு பீடி. ஏழிலும் காற்றுப் போகவில்லை.
அழுத்திப் பார்த்துவிட்டு அம்மா
கழிவுப் பக்கம் தள்ளினாள்:
'கழுத்த நெரிச்சு வச்சிருக்க.'

மூன்றாம் தேதி ரேஷன் கடை.
மெஷின் என் பெருவிரலைப் பார்த்தது.
கைரேகை பொருந்தவில்லை. மீண்டும் வைக்கவும்.
கம்பியின் சொரசொரப்பு தின்ற ரேகை அது.
துப்பட்டாவில் துடைத்து வைத்தேன்.
மீண்டும் வைக்கவும்.
அம்மா வைத்தாள்.
முப்பத்தோரு வருஷ இலை
அவள் விரலில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.
எடைபோடும் முத்துப்பேச்சி தராசை விட்டுவிட்டு,
'ஒங்க குடும்பத்துல ஒருத்தருக்காவது
வெரலு இருக்கா?'
வரிசை முழுக்கச் சிரித்தது.
எல்லோரையும்விட அதிகம் சிரித்தவள் அம்மா.
சிரித்து முடியாமல் என் முன்கையைப் பற்றிக்கொண்டாள்.
அந்த நாலு விரல் தடம்
ராத்திரி வரை போகவில்லை.

கடைசியில் அண்ணன்
திருப்பூரிலிருந்து, தையல் மெஷின் இரைச்சலில்
ஓடிபி எண்ணைக் கத்திச் சொன்னான்.
இரண்டு முறை தப்பாக.

இந்தக் கையில் பத்து, அந்தக் கையில் பத்து.
அரிசிப் பை எனக்கு ஒரு பொருட்டே இல்லை.
முக்குத் திரும்பியதும் அம்மா வந்து
ஒரு பையின் காதைப் பிடித்தாள்.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

இப்போது பெருவிரலைக்
கம்பியோடு படுக்கவைத்து
அதன்மேல் மற்ற விரல்களைப் பூட்டுகிறேன்.
முதல் வாரம் நகத்துக்கடியில் ரத்தம் கறுத்தது.
இரண்டாம் வாரம் சட்டைப் பொத்தான் போட
அம்மாவைக் கூப்பிட்டேன்.
எந்த மெஷினும் அடையாளம் காணாத விரல்
உள்ளே நசுங்கிக்கொண்டு
வெளியே நாலு பேருக்குப் பெயர் வாங்கித் தருகிறது.

நேற்று நூறு வந்தது.
நின்றேன். பாத்திமா பத்து வரை எண்ணினாள்,
வேண்டுமென்றே மெதுவாக.
இறக்கி வைத்த பிறகும்
விரல்கள் கம்பியிலேயே இருந்தன.
திறக்கச் சொன்னேன். திறக்கவில்லை.
அவள் குனிந்து உட்கார்ந்து
ஒவ்வொன்றாய்ப் பிரித்தெடுத்தாள்,
முதலில் அந்த மோதிரவிரலை.
'சவம்,' என்றாள்,
'இப்ப வுடமாட்டேங்கு.'