மூன்று மில்லிமீட்டர்

லூகோ மலைகளில் மழை விட்டபாடில்லை.
எலாதியோவின் தொழுவத்துக்குள் நுழையும் முன்பே
மரேலாவின் கத்தல் கேட்டது.
நாலு நாளாக இப்படித்தான்,
காளை மாதிரி மற்றதன்மேல் ஏறுகிறது,
ராத்திரி அதற்கும் தூக்கமில்லை எனக்கும் இல்லை என்றார்.
கார்போசா நேரெதிர்.
ஈன்று தொண்ணூறு நாள், ஒரு முனகல் கிடையாது.
"ரெண்டுக்கும் கட்டிதான் டாக்டர்.
ஊசியைப் போட்டுவிட்டுப் போங்கள்."

தோள்வரை உறை.
பிப்ரவரியில் என் உடம்பிலேயே
கதகதப்பாக இருப்பது உள்ளே போன அந்தக் கை மட்டும்தான்.
விரலுக்குத் தெரிவது கொஞ்சம்.
குடல்சுவருக்கு இந்தப் பக்கமிருந்து தடவினால்
சினைப்பை ஒரு கஷ்கொட்டை;
கட்டி வந்துவிட்டால் கோழிமுட்டை.
எந்த வகைக் கட்டி என்று கேட்டால்
விரல் சொல்லும் பதில் பாதி நேரம் பொய்.
மெல்லிய சுவரும் தடித்த சுவரும்
விரல்நுனியில் ஒரே வழுவழுப்பு.

அதனால் திரை.
மரேலாவின் இடப்பக்கம் கறுப்பாய் ஒரு வட்டம்,
நீர் தளும்ப, ஓரம் பென்சில் கோடு.
வெடிக்க மறந்துபோன குமிழ்.
சுவர் மூன்று மில்லிமீட்டருக்கும் கீழே,
பக்கத்தில் மஞ்சள் திட்டு எதுவும் இல்லை.
இன்று ஓர் ஊசி, ஒன்பதாம் நாள் இன்னொன்று.
அப்புறம் தூங்கலாம் என்றேன்.

கார்போசா.
வலப்பக்கம் ஒரு வட்டம், நடுவில் கறுப்பு,
சுற்றிலும் சாம்பல் நிறத்தில் தடித்த கரை.
ஐந்து மில்லிமீட்டர். ஆறும் இருக்கலாம்.
படித்த படிப்புப்படி இது அந்த மற்ற வகை,
மருந்தும் மற்றது,
கரையையே கரைத்துவிடும் ஊசி.
எலாதியோ புட்டியை எடுத்துத் தயாராக நின்றார்.

எனக்கு அமதோராவின் வாளி நினைவுக்கு வந்தது.
ரெண்டு வருஷம் முன்னால், ஸ்கேன் பழுதான வாரம்,
விரலை நம்பிப் போட்டேன் அந்த ஊசியை.
ஆறாம் நாள் கூப்பிட்டாள். ஏசவில்லை.
சாக்கை விலக்கி வாளிக்குள் காட்டினாள்.
சுண்டெலி அளவு.
காபி குடிக்கிறீர்களா என்றாள்.
குடித்தேன்.

கருவியைக் கீழே நகர்த்தினேன்.
கருப்பைக் கொம்பின் மடிப்பில் கொஞ்சம் கறுப்பு நீர்,
நீருக்குள் அவரைவிதை அளவு வெளிச்சம்,
வெளிச்சத்துக்குள்
படபடவென்று ஒன்று.
கட்டியே இல்லை அது.
நடுவில் நீர் தேங்கிய வெறும் மஞ்சள் திட்டு,
அந்தப் படபடப்பை விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது.

"சினை. முப்பத்தொரு நாள் இருக்கும்."
"எப்படி? யாரும் வரவே இல்லையே."
பதிவேட்டை வாங்கிப் புரட்டினேன்.
திக்னாவின் சாய்ந்த கையெழுத்து
ஜனவரி இருபத்தேழோடு நின்றிருந்தது.
பாசெலில் ஏதோ மருத்துவமனையில்
தரை துடைக்கிறாளாம் இப்போது.

எலாதியோ விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணினார்,
எண்ணி முடித்து விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
விமான நிலையத்தில் அவளைக் கொண்டுவிட்ட நாள்.
கறக்க வந்த பக்கத்துப் பண்ணை பிரைஸ்தான்
மாடு தவிப்பதைப் பார்த்து ஆளைக் கூப்பிட்டிருப்பான்.
சொல்லியும் இருப்பான்.
அன்றைக்கு என் காதில் எது ஏறியது என்றார்.

புட்டியை வாங்கிப் பைக்குள் போட்டேன்.
பேனா எழுதவில்லை; சட்டையில் தேய்த்தார்.
திக்னாவின் கடைசி வரிக்குக் கீழே
கார்போசா, 28 என்று எழுதினார்,
பெரிய பெரிய எழுத்தில், கட்டத்தை மீறி.

மரேலா இன்னும் கத்திக்கொண்டிருந்தது.
நாளாகும், அது அடங்க.