உரிமை கோரப்படாதவை

நாலு பீப்பா நின்ற இடத்தில்
இப்போது நாலு வட்டம்.
மேடைச் சீமெந்து அங்கே மட்டும் வெளுத்திருக்கிறது.
சனம் பழக்கத்தில் வந்து
வட்டத்துக்குள் தோடம்பழத் தோலைப் போடுகிறது,
குறி தப்பாமல்.

கட்டளை கொழும்பிலிருந்து வந்தது, மூன்று மொழியில்.
ஒட்டினவன் நான்தான்.
"உரிமை கோரப்படாத பொருட்களைக் கண்டால்
தொடவேண்டாம். உடன் அறிவிக்கவும்."
பசை காயமுதல் அதன் கீழே
எண்ணெய் ஊறின றோல்ஸ் கடதாசி,
பாதி குடித்த சோடாப் போத்தல்,
ஒரு பிள்ளையின் இடக்காற் செருப்பு.

எதை அறிவிக்க, எதைக் கூட்ட?
குப்பை என்றால் பிறகு என்ன,
உரிமை கோர ஆளில்லாத பொருள்தானே.

யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்தில்
தவறவிட்ட பொருட்களின் பதிவேடு எழுதுவது என் வேலை.
குடை பதினேழு.
மூக்குக்கண்ணாடி இரண்டு, ஒன்றுக்குக் கால் இல்லை.
பல்செட்டு ஒன்று.
(அதைத் தேடி ஒருவரும் வரவில்லை. எப்படிச் சாப்பிடுகிறாரோ.)

எமில்டா அக்கா குருநகரிலிருந்து சைக்கிளில் வருவா.
பீப்பா போனபிறகு அவவுக்கு வேலை இரட்டிப்பு,
சம்பளம் பழையது.
"கூட்டமுதல் தும்புத்தடியாலை ஒருக்காத் தட்டிப் பாப்பன்.
பாரமெண்டால் உங்களைக் கூப்பிடுவன்.
பாரமில்லாட்டில் கூட்டுவன்."
விதிக்கோவையில் இவ்வளவு தெளிவாக
ஒரு வரியும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை தட்டினா. பாரம்.

மூன்றாம் வாங்கின் கீழே
கறுத்தச் சொப்பிங் பை, இரண்டு முடிச்சு.
மேடை வெறுமையாச்சு.
காங்கேசன்துறையால் வந்த ரெயிலைக்
கொக்குவிலில் மறித்தார்கள்.
பரீட்சைக்குப் போகிற பெட்டை ஒருத்தி
தண்டவாளத்தால் நடந்தே வந்தாளாம்.
நாங்கள் ஸ்ரேசன் வீதியில், ஓட்டோக்களின் பின்னால்,
குந்தி இருந்தோம்.
குந்தச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.
முழங்கால்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு மணித்தியாலம்.
பிறகு தடித்த சட்டைக்காரன் ஒருவன்
பையைத் தூக்கிக் காட்டினான்:
ஏழு மாங்கொட்டை.
கறுத்தக்கொழும்பான், நார் வெளுக்கச் சூப்பினது,
ஈயம் மொய்க்காமல் பேப்பரில் சுற்றி
இறுக்கிக் கட்டினது.

சிரித்தோம்.
கொஞ்சம் நேரம் எடுத்துத்தான்.
முதலில் கைகள் காதிலிருந்து இறங்கவேண்டியிருந்தது.

கண்டபாட்டுக்கு எறிகிறவனால் ஒரு ரெயிலும் நிற்கவில்லை.
எறிய மனமில்லாத ஒருவர்,
பீப்பாவைத் தேடி நாலு வட்டத்தையும் சுற்றி,
கடைசியில் வாங்கின் கீழே ஒதுக்கமாக வைத்துவிட்டு
ரெயில் ஏறியிருக்கிறார்.
அவருக்கு இன்றைக்கும் தெரியாது.
நான் பதிவேட்டில் எழுதினேன்: மாங்கொட்டை ஏழு.
பெரியவர் சிவப்புப் பேனையால் வெட்டினார்.

அடுத்த மாதம் இரும்பு வளையம் வந்தது,
வளையத்தில் தொங்க ஊடு தெரியும் பை.
பாதுகாப்பும் ஆச்சு, சுத்தமும் ஆச்சு என்றார்கள்.
ஆச்சுத்தான்.
இப்போது யார் என்ன விட்டெறிந்தாலும்
ஊருக்கே தெரியும்:
சீனி வருத்தக் குளிசையின் வெறும் அட்டை,
சுரண்டின லொத்தர் சீட்டு எட்டு,
ஒருவர் சாப்பிடாமல் கொட்டின
வீட்டுச் சோற்றுப் பார்சல், முட்டையோடு.
நான் கச்சான் கோதைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்
கொண்டுபோகப் பழகிவிட்டேன்.

நேற்று இரவு ரெயிலால் இறங்கின பெடியன்
வளையத்தடியில் கனநேரம் நின்றான்.
நாலாய் மடித்த கடிதம் ஒன்றைப் போட்டான்.
பைக்குள் விழுந்து அது மெல்ல விரிந்தது.
தூதரக முத்திரை வெளிப்பக்கம்.
அதன் கீழே, தடித்த எழுத்தில், ஒரு சொல்.
ரீ வாங்க நின்ற மூன்று பேர் வாசித்தார்கள்.
நானும்.

எமில்டா அக்கா பைக்குள் கையைவிட்டு
கடிதத்தை மறுபக்கம் திருப்பி வைத்தா.
அதன்மேல் ஒரு வாழைப்பழத் தோல்.

பைக்குள் கைவிடக்கூடாது என்பது ஒன்பதாம் விதி.
கண்டால் உடன் அறிவிக்கவேண்டும்.
நான் குடைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.